மிளகையும் நிறுத்தார்கள், வெள்ளியையும் நிறுத்தார்கள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் முன்போல மிளகு மணப்பதில்லை. மூட்டைகள் அடுக்கியிருந்த பல கிடங்குகளில் இப்போது பழம்பொருள் கடைகளும் ஓட்டல்களும் நடக்கின்றன. 1957-ல் தொடங்கிய மிளகு முன்பேர வணிகச் சங்கத்தின் கூடத்தில் தரகர்கள் தொண்டை கிழியக் கூவி விலை பேசிய காலமும் போய்விட்டது. ஆனாலும் யூதத் தெருப் பக்கம் மிளகு வியாபாரம் அடியோடு நின்றுவிடவில்லை. அங்கே சரக்கைச் சோதிக்கும் முறை ஒன்று உண்டு. அந்தப் பக்கம் சுமை தூக்கியவர்களுக்கும் கணக்கு எழுதியவர்களுக்கும் அது புதிதல்ல.

ஒரு லிட்டர் கொள்ளும் குவளையில் மிளகைக் கொட்டி, விளிம்போடு மட்டமாக வழித்துவிட்டு, குவளையில் இருப்பதை நிறுக்கிறார்கள். 550 கிராம் இருந்தால் நல்ல சரக்கு. குறைந்தால் பொக்கு கலந்திருக்கிறது, மணி முற்றவில்லை என்று அர்த்தம். பார்வைக்கு எல்லா மிளகும் கறுப்புத்தான். எது கனமான மிளகு என்பதைத் தராசுதான் சொல்ல வேண்டும்.

இதே கரையில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மிளகு விற்றவர்கள், மிளகுக்கு மாற்றாக வந்த வெள்ளிக் காசையும் இப்படித்தான் பார்த்தார்கள். காசில் யாருடைய தலை இருக்கிறது என்பதைவிட அதில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த காசுக் குவியல்கள் அப்படித்தான் சாட்சி சொல்கின்றன.

ஊருக்கு ஒரு கண்டி

மெட்ரிக் எடை நம் நாட்டில் 1958-ல் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. அதற்கு முன் மலையாளக் கரையில் மொத்த வியாபாரம் கண்டிக் கணக்கில் நடந்தது. கண்டி என்றால் ஒரே எடை என்று நினைத்துவிடக் கூடாது. ஊருக்கு ஊர், சரக்குக்குச் சரக்கு அது மாறும். கொப்பரைக்கு ஒரு கண்டி, கயிற்றுக்கு வேறொரு கண்டி. வெளியூரிலிருந்து வந்து கணக்குப்பிள்ளை வேலையில் அமர்கிறவர், எந்தக் கண்டியில் பேசுகிறார்கள் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் முதல் மாதமே கணக்கு உதைக்கும்.

பண்டைய கிரேக்க நாட்டின் வெள்ளிக் காசுகளும் இதே கதைதான். அங்கே ஒவ்வொரு நகரமும் ஒரு தனி அரசு, நாணயமும் தனி. எல்லோரும் டிராக்மா என்றே பெயர் சொன்னார்கள். எடை மட்டும் ஒத்துப்போகவில்லை. ஆமை முத்திரையிட்ட ஏஜினா தீவின் டிராக்மா சுமார் 6 கிராம். ஆந்தை முத்திரையிட்ட ஏதென்ஸ் நகரத்து டிராக்மா 4.3 கிராம். கொரிந்து நகரத்தார் செய்தது இன்னும் வேடிக்கை. இறக்கை முளைத்த குதிரை பொறித்த அவர்களுடைய பெரிய காசு 8.6 கிராம், ஏதென்ஸ் கணக்கில் அது சரியாக இரண்டு டிராக்மா. கொரிந்துக்காரர்களோ அதையே மூன்றாகப் பிரித்து மூன்று டிராக்மா என்றார்கள். வெள்ளி ஒரே அளவு. ஓர் ஊரில் இரண்டு, அடுத்த ஊரில் மூன்று. துறைமுகத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த காசு மாற்றுவோருக்கு நல்ல பிழைப்பு நடந்ததில் ஆச்சரியமில்லை.

டிராக்மா என்ற சொல்லுக்கே கைப்பிடி என்று பொருள். காசு வருவதற்கு முன் இரும்புக் கம்பிகள் பணமாகப் புழங்கின. ஆறு கம்பி சேர்ந்தால் ஒரு கைப்பிடி. அந்தப் பெயர் பிறகு ஓர் எடைக்கு ஆயிற்று, எடையிலிருந்து காசுக்கு வந்தது. 100 டிராக்மா ஒரு மினா, 60 மினா ஒரு டாலண்ட் என்பது அவர்கள் வாய்பாடு. காசுக்கும் அதே வாய்பாடு, சரக்குக்கும் அதே வாய்பாடு.

தமிழர்களுக்கு இது விளங்காத சங்கதியல்ல. நாட்டு மருந்துக் கடையில் வராகனெடை, பணவெடை, ரூபாயெடை என்று கேட்டு வாங்கிய தலைமுறை அண்மைக்காலம் வரை இருந்தது. அவையெல்லாம் காசின் பெயர்கள். எடையின் பெயர்களும் அவையே. பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதுவே ஒரு தோலா. எண்பது தோலா ஒரு சேர். நகைக் கடையில் இன்றும் பேசப்படும் பவுன், இங்கிலாந்தின் தங்க நாணயமான சவரனின் எடைதான்: 7.99 கிராம், கடைக்கணக்கில் எட்டு. அந்த நாணயத்தைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூடப் பெண்ணுக்கு இத்தனை பவுன் என்றுதான் கல்யாணம் பேசுகிறார்கள்.

ஐம்பது கசையடி

எடைக்குப் பெயர் வாங்கிய காசு ஏதென்ஸின் ஆந்தைக் காசு. நான்கு டிராக்மா சேர்ந்த பெரிய காசு 17.2 கிராம். லாரியம் சுரங்கத்து வெள்ளி அவர்களுக்கு ஏராளமாகக் கிடைத்தது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் தன் கட்டுப்பாட்டில் இருந்த நகரங்களெல்லாம் தன் நாணயத்தையும் எடைகளையும் அளவைகளையுமே பயன்படுத்த வேண்டும் என்று ஏதென்ஸ் ஆணை போட்டது.

பெயர் பெற்ற சரக்குக்குப் போலி வராமல் இருக்குமா? உள்ளே செம்பு வைத்து மேலே வெள்ளித் தகடு போர்த்திய ஆந்தைகள் புறப்பட்டன. கி.மு. 375-ல் ஏதென்ஸ் ஒரு சட்டம் இயற்றியது. அது பொறிக்கப்பட்ட கல் கிடைத்திருக்கிறது. அதன்படி, சந்தையில் ஒரு நாணயச் சோதகர் உட்கார வேண்டும். அவர் அரசாங்கத்துக்குச் சொந்தமான அடிமை. கொண்டுவந்த காசு போலி என்றால் அதைக் குறுக்கே வெட்டிவிட வேண்டும். நல்லது என்று அவர் சொன்ன காசை வாங்க மறுக்கும் வியாபாரி அன்றைய சரக்கை இழப்பான். சோதகர் தம் இடத்தில் உட்காராமல் போனாலோ, சட்டப்படி சோதிக்காவிட்டாலோ ஐம்பது கசையடி. தாமதமாக வந்தால் சம்பளப் பிடித்தம் என்பதோடு நிற்கும் இந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் கொஞ்சம் ஆறுதலடையலாம்.

அலெக்சாண்டர் ஏதென்ஸ் எடையைத் தன் நாணயங்களுக்கு எடுத்துக்கொண்டார். அவர் படை சென்ற வழியெல்லாம், இன்றைய ஆப்கானிஸ்தானம் வரை, 4.3 கிராம் டிராக்மா போய்ச் சேர்ந்தது. ஆனால் இந்து குஷ் மலையைக் கடந்து இந்திய மண்ணில் ஆட்சி செலுத்திய கிரேக்க மன்னர்கள் அந்த எடையைக் கைவிட வேண்டியதாயிற்று. அப்பொலோடோட்டஸ், மெனாண்டர் ஆகியோர் இங்கே வெளியிட்ட வெள்ளிக் காசு சுமார் 2.45 கிராம்தான். ஒரு பக்கம் கிரேக்க எழுத்து, மறுபக்கம் இந்நாட்டு மக்கள் படிக்கக் கரோஷ்டி எழுத்து. உள்ளூர்ச் சந்தையில் எந்த எடை ஓடுகிறதோ அதற்கு அரசரே இணங்கிவந்தார். அந்தப் பழைய டிராக்மாக்கள் கி.பி. முதல் நூற்றாண்டிலும் குஜராத்தின் பரூச் துறைமுகத்தில் புழங்கியதாக, செங்கடல் வழியாக வந்த ஒரு கிரேக்க மாலுமி எழுதிவைத்த 'பெரிப்ளூஸ்' என்ற வழிகாட்டி நூல் சொல்கிறது.

இந்திய எடை என்பது குன்றிமணியிலிருந்து பிறந்தது. 32 குன்றிமணி எடையுள்ள வெள்ளித் துண்டு ஒரு கார்ஷாபணம், சுமார் 3.4 கிராம். சூரியன், மலை, மரம் என்று சிறு சிறு முத்திரைகளை அடித்த இந்தக் காசில் அரசர் பெயரே கிடையாது. இவற்றைப் பெயரைப் பார்த்து வகைப்படுத்த முடியாது என்பதால், கணித அறிஞர் டி.டி. கோசாம்பி 1940-களில் ஆயிரக்கணக்கான காசுகளைத் தராசில் வைத்தே ஆராய்ந்தார். காசு கைமாறக் கைமாறத் தேய்கிறது. தேய்மானத்தை வைத்து எது முந்தியது எது பிந்தியது என்று வரிசைப்படுத்தலாம் என்று அவர் காட்டினார். சரித்திர ஆசிரியர்களுக்கு ஒரு கணக்கு வாத்தியார் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

முசிறிக்கு வந்த வெள்ளி

கிரேக்கர்களும் அவர்களை ஆண்ட ரோமர்களும் தமிழ்ப் புலவர்களுக்கு யவனர்கள். அவர்கள் மரக்கலங்களில் பொன்னைக் கொண்டுவந்து கொட்டி, முசிறியில் மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியிருக்கிறார். முசிறிக்கு வரும் சரக்குகளில் முதலாவதாகப் பெரும் பணத்தைத்தான் 'பெரிப்ளூஸ்' குறிக்கிறது.

அந்த முசிறி மட்டாஞ்சேரியிலிருந்து வெகு தொலைவில் இல்லை. வடக்குப் பரவூருக்கு அருகே உள்ள பட்டணம் என்ற கிராமமே முசிறியாக இருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. 2007 முதல் அங்கே கேரள வரலாற்று ஆராய்ச்சிக் குழு நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடிகளின் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. மிளகு மணியும் கிடைத்தது. 1341-ல் பெரியாற்றில் வந்த வெள்ளம் பழைய துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சியில் புதிய முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்று சொல்வார்கள். மட்டாஞ்சேரி சந்தைக்கு முசிறிதான் மூத்த சந்தை என்று வைத்துக்கொள்ளலாம்.

யவனக் கப்பல்கள் புறப்பட்டது எகிப்திலிருந்து. ஆனால் எகிப்துக் காசு இங்கே அநேகமாகக் கிடைப்பதேயில்லை. காரணம் எளிது. எகிப்துக்குள் புழங்கிய டிராக்மாவில் செம்புதான் அதிகம்; அந்நாட்டு எல்லைக்குள் மட்டும் செல்லும் பணம் அது. அலெக்சாண்ட்ரியா வியாபாரி தன் வீட்டில் டிராக்மாக் கணக்கு எழுதினாலும், மிளகு வாங்கக் கிளம்பும்போது ரோமாபுரியின் தினாரியஸ் என்ற வெள்ளிக் காசையும் ஔரியஸ் என்ற தங்கக் காசையும்தான் கட்டிக்கொண்டு வந்தான். உள்ளூரில் எதை வைத்துச் சமாளித்தாலும் மலையாளக் கரையில் சுத்த வெள்ளி வேண்டியிருந்தது.

தினாரியஸின் எடைக்கணக்கு இப்படி. ஒரு ரோம ராத்தல் வெள்ளியிலிருந்து 84 காசு அடிக்க வேண்டும். ரோம ராத்தல் நம் கணக்கில் ஏறக்குறைய 325 கிராம். ஆக, காசு ஒன்று 3.8 கிராமுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. தங்க ஔரியஸ் அகஸ்டஸ் சீசர் காலத்தில் 7.8 கிராமுக்குக் குறையாது. நம் ஒரு பவுனுக்குக் கடுகளவு குறைவு, அவ்வளவுதான். 25 தினாரியஸ் ஓர் ஔரியஸ்.

இலங்கை அரசர் பார்த்த எடை

கிளாடியஸ் சீசர் காலத்தில் நடந்ததாக ரோம எழுத்தாளர் பிளினி ஒரு சம்பவம் கூறுகிறார். செங்கடல் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் பிளோகமஸ் என்பவரிடம் வேலை பார்த்த ஒருவர், அரேபியக் கரையில் போகும்போது காற்றில் அடித்துச் செல்லப்பட்டுப் பதினைந்தாம் நாள் இலங்கையில் கரையேறினார். அரசர் அவரை ஆறு மாதம் வைத்து ஆதரித்தார். அவரிடமிருந்த தினாரியஸ்களை எடுத்துப் பார்த்தபோது அரசருக்கு ஒரு வியப்பு. காசுகளில் இருந்த முகங்கள் வெவ்வேறு. அடித்தவர்கள் பலர் என்பது தெரிகிறது. எடை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறது. இவர்கள் நேர்மையானவர்கள் என்று தீர்மானித்த அரசர், ரோமாபுரிக்கு நால்வரைத் தூது அனுப்பினார்.

பிளினி ரோமர், தம்மவர் பெருமையைச் சொல்லும் கதையைச் சற்று மெருகேற்றியிருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். ராத்தலுக்கு 84 என்று மொத்தமாக எண்ணி அடித்த காசுகளில் ஒன்றுக்கொன்று சிறிது வித்தியாசம் இருக்கவே செய்தது. ஆனால் பிளோகமஸ் கற்பனைப் பாத்திரமல்ல. அவருடைய அடிமை ஒருவர் கி.பி. 6-ல் எகிப்தியப் பாலைவனப் பாதையில் பாறையில் பெயர் வெட்டிவைத்துப் போயிருக்கிறார். கதையின் சாரமும் நம்பக்கூடியதே. எழுத்து தெரியாத, மொழி தெரியாத நாட்டில் ஒருவனுடைய காசை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யத் தராசைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது? தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே சொல் இருப்பது அந்த அரசருக்குத் தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

நீரோ வைத்த கை

அந்த நேர்மைக்கு கி.பி. 64-ல் சோதனை வந்தது. நீரோ சீசர் தினாரியஸின் எடையைக் குறைத்தார். ராத்தலுக்கு 84 காசு என்றிருந்தது 96 ஆயிற்று. அதோடு விடவில்லை. அதுவரை ஏறக்குறைய முழு வெள்ளியாக இருந்த காசில் ஐந்தில் ஒரு பங்கு செம்பு சேர்ந்தது. தங்க ஔரியஸும் ராத்தலுக்கு 45 என்று இளைத்து, 7.2 கிராமை ஒட்டி வந்துவிட்டது. காசின் பெயர் மாறவில்லை. ரோமாபுரிக் கடைத் தெருவில் மதிப்பும் மாறவில்லை.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். பழைய தினாரியஸ் நூறை உருக்கினால் சுமார் 370 கிராம் வெள்ளி தேறும். புதிய தினாரியஸ் நூறை உருக்கினால் 270 கிராமை ஒட்டித்தான் தேறும். ரோமாபுரிக் குடிமகனுக்கு நூறும் நூறுதான், அரசாணை இருக்கிறது. முசிறியில் மிளகு விற்றவனுக்கு நீரோவின் ஆணை செல்லாது. மலையிலிருந்து இறக்கிய மூட்டைக்கு மாற்றாக அவன் கையில் நிற்பது வெள்ளி மட்டுமே. நூறு காசுக்கு நூறு கிராம் குறைந்தால் அது அவன் வயிற்றில் அடித்தது போலத்தான்.

ரோமாபுரியில் கறுப்பு மிளகு ராத்தல் நான்கு தினாரியஸுக்கு விற்றது என்று பிளினி எழுதுகிறார். காசைக் குறைத்த பிறகு எழுதிய விலை அது. அந்தக் கணக்கில் எடைக்கு எடை பார்த்தால் 24 ராத்தல் மிளகுக்கு அங்கே ஒரு ராத்தல் காசு. அதே நான்கு தினாரியஸைப் பழைய காசில் கொடுத்தால் 21 ராத்தலுக்கே ஒரு ராத்தல் வெள்ளி போயிருக்கும். விலை ஏறவில்லை, இறங்கவில்லை; காசு மட்டும் இறங்கியது.

இங்கே என்ன நடந்தது என்பதற்கு எழுதிவைத்த சாட்சி கிடையாது. புதைத்துவைத்த சாட்சி உண்டு. தென்னிந்தியாவில் கிடைத்த தினாரியஸ்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று, அகஸ்டஸ் தம் பேரன்மார் கேயஸ், லூசியஸ் இருவரும் கேடயத்தோடு நிற்கும்படி வெளியிட்டது. மற்றொன்று, டைபீரியஸின் காசு. பைபிளில் 'சீசருக்குரியதைச் சீசருக்கு' என்ற இடத்தில் வரும் காசு இதுவே என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டும் நீரோவுக்கு முந்தியவை, முழு எடை. நீரோ குறைத்த பிறகு அடித்த வெள்ளி இங்கே மிக அரிது. பொள்ளாச்சி, கரூர், பூதிநத்தம் என்று கொங்கு நாட்டில் பானை பானையாகக் கிடைத்தவை எல்லாம் இந்தப் பழைய காசுகளே.

முசிறியில் இறங்கிய காசு கொங்கு நாட்டுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்கலாம். கோவையிலிருந்து எர்ணாகுளம் வரும் ரயில் நுழைகிறதே, அதே பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான். சேரர் தலைநகரான கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து கிரேக்க நகரங்களின் காசுகளும் சில கிடைத்துள்ளன. 'மாக்கோதை' என்று தமிழ் எழுத்துப் பொறித்த சேரர் வெள்ளிக் காசும் அங்கே கிடைத்தது. அதில் சேர மன்னரின் தலை, ரோமச் சீசரின் தலை இருக்கும் பாணியிலேயே அமைந்திருக்கிறது. நாணய ஆராய்ச்சியாளரும் பத்திரிகை ஆசிரியருமான இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றை ஆராய்ந்து வெளியிட்டார்.

பழைய காசு இங்கே நிறைய இருப்பதை வைத்து, எல்லாம் நீரோவுக்கு முன்பே வந்துவிட்டது என்று சொல்ல முடியாது என்பது வேறு சிலர் வாதம். புதிய காசை இங்கே வாங்க மறுத்ததால், வியாபாரிகள் ரோமாபுரிப் பக்கத்தில் பழைய காசைத் தேடிப் பொறுக்கி, பிற்காலத்திலும் அனுப்பியிருக்கலாம் என்கிறார்கள். நடக்கக்கூடியதே. ஜெர்மானியப் பழங்குடிகள் பழக்கப்பட்ட பழைய வெள்ளிக் காசுகளையே கேட்டு வாங்குகிறார்கள் என்று டாசிட்டஸ் என்ற ரோம சரித்திர ஆசிரியர் எழுதியிருக்கிறார். வடக்கே காட்டில் இருந்தவனும் தெற்கே மிளகுக் கொடிக்குக் கீழே இருந்தவனும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

எய்யால் பானை

திருச்சூர் மாவட்டத்தில் குன்னங்குளம் பக்கம் எய்யால் என்ற கிராமம் இருக்கிறது. 1940-களின் நடுவில் அங்கே ஒரு காசுப் புதையல் வெளிப்பட்டது. ரோமத் தங்கக் காசு 12, தினாரியஸ் 71, இவற்றோடு நம் நாட்டு முத்திரைக் காசு 34. சீசர் தலையுள்ள காசையும் அரசர் பெயரே இல்லாத கார்ஷாபணத்தையும் ஒரே பானையில் போட்டு வைத்திருக்கிறார் அதன் சொந்தக்காரர். ஒன்று 3.8 கிராம், மற்றொன்று 3.4 கிராம், இரண்டும் வெள்ளி. தராசில் வைத்துக் கூட்டிக்கொண்டால் எந்த நாட்டுக் காசாக இருந்தால் என்ன? அதைப் புதைத்தவர் திரும்பி வந்து எடுக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். வழியில் என்ன ஆயிற்றோ.

வெள்ளி வரத்து தேய்ந்த பிறகும் தங்கம் நிற்கவில்லை. வடக்குப் பரவூர் அருகே வள்ளுவள்ளியில் 1983-ல் 252 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. நீரோ காலம் முதல் அடுத்த நூற்றாண்டின் அன்டோனினஸ் பயஸ் காலம் வரையிலான காசுகள் அவை. இன்றைய கணக்கில் இருநூறு பவுனுக்கு மேல். தங்கத்தில் எடை குறைந்தாலும் சுத்தம் குறையவில்லை. ஆகவே நிறுத்து வாங்கினால் நஷ்டமில்லை என்று இங்கிருந்தவர்கள் கணக்குப் பார்த்திருக்கலாம்.

இந்தியாவில் கிடைத்த ரோமப் பொற்காசுகள் பலவற்றில் சீசரின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு ஒன்று காணப்படுகிறது. உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்த்த வெட்டா, இனி இது காசல்ல, வெறும் தங்கம் என்று காட்டப் போட்ட வெட்டா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எதுவானாலும் சீசருக்கு மரியாதை செய்ததாக அதைச் சொல்ல முடியாது.

அந்த வேலையைச் செய்தவர்கள் யார்? பழந்தமிழில் அவர்களுக்குப் பெயரே இருக்கிறது: வண்ணக்கன். காசைச் சோதித்து நல்லது கெட்டது சொல்பவர் என்று பொருள். சங்கப் புலவர் வரிசையில் வடம வண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்ற பெயர்கள் வருகின்றன. பகலில் காசு உரைத்துப் பார்த்து, ஓய்ந்த நேரத்தில் செய்யுள் எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது. ஏதென்ஸ் சந்தையில் கசையடிக்குப் பயந்து உட்கார்ந்திருந்த சோதகர் அடிமை. இங்கே அதே தொழில் செய்தவர், தொழிற்பெயரோடு புலவர் வரிசையில் நிற்கிறார்.

95-ஆ, 97-ஆ?

காசில் எடை இப்படி என்றால் சரக்கில் எடை என்ன பாடுபட்டது என்பதற்கும் ஓர் ஆவணம் கிடைத்திருக்கிறது. ஆஸ்திரிய நாட்டின் வியன்னா நகர நூலகத்தில் உள்ள ஒரு பாப்பிரஸ் தாள் அது. 1985-ல்தான் அதை வாசித்து வெளியிட்டார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கிரேக்க மொழி. ஒரு பக்கத்தில் முசிறி வியாபாரத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் 'ஹெர்மாபொலோன்' என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. கிடைத்த துண்டில் கங்கைச் சீமைச் சடாமாஞ்சி 60 பெட்டியும் யானைத் தந்தமும் தெளிவாகப் படிக்க முடிகிறது. கால் பங்கை அரசு வரியாக எடுத்துக்கொண்டது போக மீதிச் சரக்கின் மதிப்பு 1,154 டாலண்ட் 2,852 டிராக்மா என்று கூட்டுத்தொகை போட்டிருக்கிறது. டிராக்மாவாக மாற்றினால் 69 லட்சத்து 26 ஆயிரத்து 852. ஒரே கப்பல்!

அந்தக் கணக்கில் தந்தத்தை நிறுத்த இடத்தில்தான் சுவாரஸ்யம். ஒரு டாலண்டுக்கு எத்தனை ராத்தல்? வரி அதிகாரிகள் 95 ராத்தல் என்று வைத்து நிறுத்தார்கள். வியாபாரிகளிடையே வழக்கமான கணக்கோ 97 ராத்தல். எழுதியவர் இரண்டையும் போட்டு, அதிகாரிகள் எடுத்துக்கொண்டது எவ்வளவு கூடுதல் என்பதையும் குறித்துவைத்திருக்கிறார். டாலண்டுக்கு இரண்டு ராத்தல் வித்தியாசம். முறையிட்டாரா, முறையிட்டுப் பலன் கிடைத்ததா என்பதற்குத் தாளில் இடமில்லை. முதலாளிக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டிய குமாஸ்தா செய்ய வேண்டியதை அவர் செய்துவிட்டார். அவர் பெயரைக்கூடத் தாள் சொல்லவில்லை.

எடையைப் பார்த்துக் காசு வாங்கும் பழக்கம் மட்டாஞ்சேரியில் வெகுகாலம் இருந்தது. கொச்சி அரசர்களின் சங்கு முத்திரையிட்ட வெள்ளிப் புத்தனும், பிறகு வந்த வெள்ளி ரூபாயும் ஓசை கேட்டு, உரைத்துப் பார்த்து வாங்கப்பட்டவையே. இன்று அந்தக் கவலை யாருக்கும் இல்லை. 2011-ல் வந்த வரிசையில் ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம், கிட்டத்தட்ட டைபீரியஸின் தினாரியஸ் அளவு, உலோகம் மட்டும் துருப்பிடிக்காத எஃகு. 2019-ல் வந்த வரிசையில் அதே ஒரு ரூபாய் 3.09 கிராமாக இளைத்தது. நீரோ குறைத்ததைவிட இது அதிகம். இரண்டையும் கலந்து மேஜையில் வைத்தால் யூதத் தெரு டீக்கடைக்காரர் எண்ணிக் கல்லாவில் போட்டுக்கொள்கிறார்.